வலை விரித்த ஐம்பது நிமிடங்கள்

என் அடையாள அட்டையில் 'பெனாசிர், தூண்டல் அலுவலர்' என்று போட்டிருக்கும். ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் முதல் டீன் வரைக்கும் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'அழவைக்கிற அக்கா'. காதில் விழுந்தால் எரிச்சல் வரும். ஆனால் பொய்யென்று சொல்ல முடியாது. பதினாறு வருடமாக நான் பார்க்கிற வேலை அதுதான்.

விளக்கிவிடுகிறேன். சிலருடைய இதயம் திடீரென்று தாளம் தப்பி நிமிடத்துக்கு இருநூறு, இருநூற்றைம்பது என்று அடிக்க ஆரம்பிக்கும். பேருக்குத்தான் அடிக்கும், ரத்தம் நகராது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் ஆள் இல்லை. இதயச் சதையில் எங்கோ கடுகளவு இடம் செய்கிற வம்பு அது. தொடையில் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, அந்த இடத்தைத் தேடிப்பிடித்துச் சுட்டுவிடுவார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த வைத்தியம் உண்டு.

புதிதாக வந்தது வலை. குழாயின் நுனியில் சுருங்கிக் கிடந்து, உள்ளே போனதும் குடை மாதிரி விரியும். தாளம் தப்புகிற நேரத்தில் நாலே நாலு விநாடி கிடைத்தால் போதும், குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று காட்டிக்கொடுத்துவிடும். பலருக்கு மின்சாரத்தால் தூண்டியோ மருந்து கொடுத்தோ அந்த நாலு விநாடியை வரவழைக்கலாம். ஒரு வகை நோயாளிகளுக்கு மட்டும் மனசு கலங்கினால்தான் வரும். அவர்களுக்கு மருந்தால் வரவழைத்தால் வலை வேறு எதையோ காட்டும். அங்கே சுட்டால் நல்ல சதைதான் வேகும். ஆக, அவர்கள் மேஜைமேல் படுத்திருக்கும்போது, முழு விழிப்பில், நிஜமாகவே கலங்கவேண்டும். வலை உள்ளே இருக்கக்கூடிய நேரம் ஐம்பது நிமிடம். அதற்குமேல் இருந்தால் அதன்மேலேயே ரத்தம் உறைய ஆரம்பித்துவிடும். அந்த ஐம்பது நிமிடத்துக்குள் அவர்களை உடைக்கிற வார்த்தை எது, அதை யார் சொல்வது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைப்பது என் வேலை.

ஆரம்பத்தில் பொய் சொல்லித்தான் செய்தார்கள். உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவரிடம் அவர் மனைவி வரும் வழியில் விபத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள். தாளம் தப்பியது, சுட்டார்கள், ஆள் பிழைத்தார். அப்புறம் அந்த அம்மாள் உயிரோடு எதிரே வந்து நின்றபோது அவருக்கு யார்மேலும் நம்பிக்கை வரவில்லை, கடைசிவரை வரவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் போட்டார்கள். சொல்வது உண்மையாக இருக்கவேண்டும். அந்த உண்மைக்குச் சொந்தக்காரர்தான் சொல்லவேண்டும். நோயாளி முன்கூட்டியே சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். என்ன சொல்லப்போகிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

சிபிச்சக்கரவர்த்தி எங்களிடம் வந்தபோது வயது அறுபத்து மூன்று. கொங்கு நாட்டில் வீட்டுக்கொரு சிபி பிறந்த காலத்தில் பிறந்தவர். கணபதிப் பகுதியில் கிரைண்டர் செய்து விற்கிற பட்டறை வைத்திருந்தார். அவர் நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு பெட்டி உண்டு. தாளம் தப்பினால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டுவிடும். ஒரே மாதத்தில் அது பதினொரு தடவை அவரை அடித்திருந்தது.

"பெட்டி உசுரைக் காப்பாத்துதுங்க, இல்லீங்கல" என்றார் என்னிடம். "மாடு உதைச்ச மாதிரி ஒண்ணு விழுமுங்க, அதைக்கூடப் பொறுத்துக்கலாம். அடுத்தது எப்பன்னு காத்துட்டு உக்கார்றது இருக்குதே, அதுக்குப் போயே சேந்துரலாம்னு இருக்குதுங்க."

பெட்டியின் பதிவையும் அவருடைய ஃபோன் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினொன்றில் எட்டு, ஃபோன் பேசி முடித்த கையோடு வந்திருந்தது. மீதி மூன்று மத்தியானத் தூக்கத்தில். தூக்கத்தில் வந்ததற்கு என்ன காரணம் கண்டுபிடிக்க? 'காரணமில்லை' என்று குறித்து ஒதுக்கினேன். எட்டில் ஐந்து தடவை பேசியது திருப்பூரிலிருக்கும் தம்பி விஷ்ணு. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தில் முதல் மரியாதை யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். என்னவோ பெரிய துப்பறிவாளர் என்று நினைப்பு.

முதல் தடவை வலை விரித்தபோது விஷ்ணுவை அழைத்து வந்தோம். மனதில் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். அழுதார், திட்டினார், சின்ன வயதுக் கதையை இழுத்தார். சிபியின் இதயம் எழுபத்திரண்டிலிருந்து இம்மி நகரவில்லை. ஐம்பது நிமிடம் முடிந்து வலையைச் சுருக்கும்போது, "போயி ஏதாச்சும் சாப்புடு விஷ்ணு, மொகமே வாடிப்போச்சு" என்றார் அண்ணன்.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான் பெனாசிர்க்கா" என்றார் டாக்டர் மாதங்கி. என்னைவிடப் பத்து வயது இளையவர். வளவளவென்று பேசத் தெரியாதவர். "இதயம் பம்ப் பண்ற சக்தி குறைஞ்சுக்கிட்டே வருது. ரெண்டாவது தடவையும் வரலைன்னா நான் திரும்ப உள்ளே போகமாட்டேன். அப்புறம் பெட்டி அடிச்சுக்கிட்டே இருக்கும். ஒருநாள் அதுவும் போதாமப் போகும்."

மறுநாள் காலை சிபியின் மனைவி கிருத்திகா தானாகவே என் அறைக்கு வந்தார். ஏற்கெனவே ஒருமுறை பேசியிருந்தேன். அப்போது ஒன்றுமில்லை என்று சாதித்தவர்.

"என்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க மேடம்" என்றார். கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "எங்க பையன் நன்மாறன். பதினாலு வருசம் ஆச்சுங்க, சத்தி ரோட்டுல வண்டியில போறப்ப லாரி... பத்தொம்பது வயசு. ஷட்டில் வெளையாடப் போனான்னுதான் எல்லாருக்கும் தெரியும். வெளையாடப் போகலீங்க. நாந்தான் அனுப்புனேன்."

"எங்கேக்கா அனுப்புனீங்க?"

"மாவு வாங்க."

எனக்குப் புரியவில்லை.

"இட்லி மாவு பாக்கெட்டுங்க. திடீர்னு சொந்தக்காரங்க ஆறு பேரு வந்துட்டாங்க. வீட்டுல மாவில்ல. ஊருக்கே கிரைண்டர் செஞ்சு குடுக்கறவர் வீடு, அடுக்களையில மட்டும் மூணு நிக்குது. பாக்கெட் மாவுன்னாலே அவருக்கு ஆகாது, நாய்கூடத் திங்காதும்பாரு. எனக்கு அன்னைக்கு ஒடம்பு முடியல. அவருக்குத் தெரியாம வாங்கிட்டு வந்துரு கண்ணுன்னு அனுப்பிப்போட்டேன்." ஜிப் நின்றது. "அப்பறம் எப்பிடிங்க சொல்றது? மாவு ஆட்டச் சோம்பேறித்தனப்பட்டுப் பெத்த பையனைக் கொன்னுபோட்டேன்னா?"

பதினாறு வருடத்தில் பல அழுகைகளைப் பார்த்தாயிற்று. என்றாலும் அன்றைக்குக் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன். அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளூர ஒரு நிம்மதியும் வந்தது. வார்த்தை கிடைத்துவிட்டது.

"யோசிச்சுக்குங்கக்கா. சொல்லிட்டா திரும்ப எடுக்க முடியாது."

"அவரு இருக்கோணுமுங்க. என்னைத் திட்டறதுக்காவது இருக்கோணும்."

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு வலை விரிந்தது. சிபியின் நெஞ்சுப் பெட்டியைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, வெளியிலிருந்து அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளை மார்பிலும் முதுகிலும் ஒட்டியிருந்தார்கள். கிருத்திகா பச்சை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர் தலைமாட்டில் நின்றார். திரையில் அறுபத்தெட்டு. டாக்டர் தலையசைத்தார்.

கிருத்திகா சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு. முடித்துவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது.

"தெரியும் கிருத்தி" என்றார் சிபி.

"என்னங்க?"

"போலீஸ்ல வண்டியைக் குடுத்தப்ப அந்தப் பையையும் குடுத்தாங்க. ரெண்டு பாக்கெட். ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. நாந்தான் வாய்க்கால்ல போட்டுட்டு வந்தேன். அன்னைக்கே தெரியும்."

கைவசம் இருந்த ஒரே வார்த்தை தீர்ந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம் போயிருந்தது.

கிருத்திகாவுக்குக் கடிகாரமும் தெரியவில்லை, நாங்களும் தெரியவில்லை. "தெரிஞ்சுமா? பதினாலு வருசமாத் தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" குரல் ஏறியது. "உன்ற தப்பில்ல கிருத்தின்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு? தெனமும் கிரைண்டரைக் கழுவறப்பவெல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சனே, பாத்துட்டுத்தான இருந்தீங்க? ஏன் சொல்லல?"

திரைதான் பதில் சொன்னது. எழுபத்தாறு. எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. பதினாறு வருடமாக நான் ஒரே பக்கம் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்காரர்களிடம் போய், இவரிடம் என்ன மறைத்திருக்கிறீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்பேன். படுத்திருப்பவரிடம், நீ என்ன மறைத்திருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேள்வித்தாளில் அப்படியொரு வரியே கிடையாது. அதை எழுதியதும் நான்தான்.

வலை உள்ளே இருக்கும்போது நோயாளியிடம் நான் நேரடியாகப் பேசக்கூடாது என்பது விதி. குனிந்து கேட்டேன். "சிபி சார், அக்கா கேக்கறாங்கல்ல. ஏன் சொல்லல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறக்காமலே பேசினார்.

"பட்டறையில இருந்தேன். வண்டியைக் காணோம். யாரைக் கேட்டு எடுத்தான்னு கோவம். கூப்புட்டேன். 'அப்பா, வண்டி ஓட்டிட்டிருக்கேன், வந்து சொல்றேன்'ன்னான். இப்பவே சொல்லுடான்னேன். 'வந்து சொல்றேம்ப்பா, வெச்சர்றேன்'ன்னான்." மூச்சு வாங்கியது. "ஃபோனை வெச்சராதடா, வெச்சா நடக்கறதே வேறன்னு சொன்னேன். அவன் வெக்கல கிருத்தி. அந்தச் சத்தம் பூரா எங் காதுல..."

கிருத்திகா மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

"நீ உன்ற தப்புன்னு நெனச்சுட்டு இருந்தே. நீ அப்பிடி நெனச்சுட்டு இருக்கற வரைக்கும் என்னை யாரும் கேக்கமாட்டாங்கன்னு நானும்..."

வாக்கியம் முடியவில்லை. திரையிலிருந்த கோடு வரிசை குலைந்து மேலும் கீழும் கிறுக்க ஆரம்பித்தது. இருநூற்று முப்பது. சிபியின் தலை சாய்ந்தது. டாக்டர் வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "கெடச்சிருச்சு. அடிங்க." உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கோடு மறுபடி ஒழுங்கான தாளத்துக்கு வந்தது. வலையின் படத்தில், இடதுபக்க அறையின் பின்சுவரில், சிவப்பாக ஒரு புள்ளி. குழாய் நுனியை அங்கே கொண்டுபோய் வைத்து டாக்டர் சுட்டார். நாற்பது விநாடி. பதினாலு வருடத்துக்கு நாற்பது விநாடி.

சிபி கண் விழித்து, "கிருத்தி எங்கீங்க?" என்று கேட்டார்.

கிருத்திகா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

வேலை இன்னும் முடியவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு எப்போதும் கூசும். சுட்ட பிறகு, அதே வார்த்தையை மறுபடியும் சொல்லிப் பார்க்கவேண்டும். தாளம் தப்பவில்லை என்றால்தான் சரியான இடத்தைச் சுட்டிருக்கிறோம் என்று அர்த்தம். வலையை எடுக்க ஒன்பது நிமிடம் இருந்தது.

"சார், இன்னொரு தடவை சொல்லணும்" என்றார் டாக்டர், தன்னால் முடிந்த மென்மையோடு.

"முடியாதுங்க டாக்டர். ஒருக்காச் சொன்னதே..." அழுதார். "என்னை விட்டுருங்க. இப்பிடியே போறேன்."

"இப்படியே அனுப்ப முடியாது சார். சரியாச்சான்னு தெரியாது. நாளைக்கே மறுபடி வரலாம்."

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஏழு நிமிடம். ஆறு. அது என் உண்மை இல்லை, நான் சொல்லக்கூடாது.

கிருத்திகா திரும்பி வந்தார். மேஜை அருகே நின்றார். கணவனைப் பார்க்கவில்லை, திரையை மட்டும் பார்த்தார்.

"வெச்சராதடான்னு சொன்னீங்க" என்றார். "நீங்க சொன்ன பேச்சைக் கேட்டுட்டு அவன் வெக்கல."

எழுபத்து நாலு. எழுபத்து நாலு. எழுபத்தாறு. எழுபத்து நாலு. கோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை மாதிரி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சிபியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

கிருத்திகா முழுதாக ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "அவ்வளவுதானுங்களா மேடம்? இதைக் கேட்டும் இது இப்பிடியே ஓடுமா?"

"ஓடணுங்கக்கா. அதுக்குத்தான் பண்ணினோம்."

அவர் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். சிபியை வார்டிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போனது தம்பி விஷ்ணு.

அன்று மாலை அந்தப் பழைய பதிவுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். யார் பேசினார்கள் என்று பார்த்த மடச்சி நான். தம்பி, மர வியாபாரி, கேபிள்காரர், யாராக இருந்தாலும் ஒன்றுதான். பேச்சின் முடிவில் எதிர்முனையில் யாராவது 'சரிங்க, வெச்சர்றேன்' என்று சொல்லியிருப்பார்கள். அதற்கடுத்த நொடி சிபிக்கு மறுபடியும் சத்தி ரோடு. நேரில் வந்து நின்று திட்டிய தம்பி வைப்பதற்கு ஃபோன் ஏது?

டாக்டர் மாதங்கி அறிக்கையில் 'முழு வெற்றி' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரைப் பொழைக்க வெச்சுட்டு இன்னொருத்தரை உடைச்சு அனுப்பிட்டோம் டாக்டர்" என்றேன்.

"அவங்க ஏற்கெனவே உடைஞ்சுதான் இருந்தாங்க. நாம கதவைத் திறந்தோம், அவ்வளவுதான்."

"திறக்கச் சொல்லி அவங்க கேக்கலையே."

அவர் எழுதுவதை நிறுத்தினார். நான் கேள்வித்தாளை எடுத்து, நோயாளிக்கான பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'நீங்கள் யாரிடமாவது சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா?' சேர்த்த பிறகு அந்த வரியைப் பார்க்கவே பயமாக இருந்தது. நானே அதற்குப் பதில் எழுதமாட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. சிபி வரமாட்டார், வந்தாலும் தனியாக வருவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

பெட்டியின் பதிவு சுத்தமாக இருந்தது. தொண்ணூற்றிரண்டு நாளில் ஒரு அடி இல்லை. டாக்டர் கை கொடுத்தார். சிபி சிரிக்கவில்லை. கிருத்திகா மருந்து வாங்கப் போன சமயத்தில் என் பக்கம் சாய்ந்தார்.

"ஒரு சந்தேகமுங்க மேடம். முன்னயெல்லாம் பையனை நெனச்சா நெஞ்சுல ஒரு தட்டு தட்டும். அடி விழுமோன்னு பயமா இருக்கும், ஆனா அவன் அங்க இருக்கறான்னு தெரியும். இப்ப எத்தனை நெனச்சாலும் ஒண்ணுமே ஆகறதில்லீங்க. அந்த எடத்தைச் சுட்டப்ப அவனையும் சேத்திச் சுட்டுப்போட்டீங்களா?"

சுட்டது வெறும் சதை, மூன்று மில்லிமீட்டர். நினைவு அங்கே இருப்பதில்லை. இப்படிச் சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி. சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை என்று முகம் சொன்னது.

கிளம்பும்போது அவரை முன்னால் விட்டுவிட்டு, கிருத்திகா என் மேஜை அருகே நின்றார்.

"பத்து நாள் தங்கச்சி வீட்டுல இருந்தனுங்க" என்றார், நான் கேட்காமலே. "மன்னிச்சுட்டேன்னெல்லாம் நெனச்சுக்காதீங்க. சாப்பாடு செஞ்சு வெக்கறேன், பேசுனா பேசறேன். ரெண்டு பேருக்கும் இப்ப ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, அது ஒண்ணுதான்." கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட என்ன கேட்டாருன்னு தெரியுமுங்க. என்கிட்டயும் கேட்டாரு. அவருக்குத் தெரியல."

"என்ன தெரியலைங்கக்கா?"

"மத்தியானம் சாப்புட்டுப் படுப்பாருங்களே, அப்ப தூக்கத்துல வாய் அசையும். முன்னயெல்லாம் 'நன்'னு எடுக்கறதுக்குள்ள பெட்டி அடிச்சுப்போடும், அலறிட்டு எந்திரிப்பாரு. மூணு தடவை பக்கத்துல இருந்து பாத்தனுங்க."

நான் 'காரணமில்லை' என்று குறித்த மூன்று.

"இப்ப அடிக்கறதில்லீங்களே" என்றார் கிருத்திகா. "'நன்மாறா'ன்னு முழுசாக் கூப்புட்டு முடிக்கறாரு."

வாசலில் சிபி திரும்பிப் பார்த்தார். கிருத்திகா கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.